கஷ்ட காலத்தில் நன்றி சொல்வது எப்படி? புதிய விசுவாசிகளுக்கு ஓர் எளிய விளக்கம்

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள், அப்படிச் செய்வதே கிறிஸ்து இயேசுவுக்குள் உங்களைக்குறித்து தேவனுடைய சித்தமாயிருக்கிறது." 1 தெசலோனிக்கேயர் 5:18-இல் வரும் இந்த வசனம் விசுவாசத்துக்குள் புதிதாக வந்தவர்களின் காதில் சீக்கிரமே விழுந்துவிடும். வாழ்க்கை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது இதில் ஒரு சிக்கலும் இல்லை. வேலை போன மறுநாளோ, மருத்துவ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதோ, வீட்டில் ஒருவரை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பிய மாலையிலோ யாராவது இதே வசனத்தைச் சொன்னால் அது தேற்றுவதில்லை, குத்துகிறது. "இதற்குமா நன்றி சொல்ல வேண்டும்? என்னால் முடியவில்லையே, அப்படியானால் எனக்கு விசுவாசமே இல்லையா?" என்று பலரும் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். வெளியே கேட்பதற்குத்தான் தயக்கம்.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. வேதமும் அதைக் கேட்கிறவரைக் கடிந்துகொள்வதில்லை.

யாருக்கு எழுதிய வசனம் இது?

இந்த வரியை எழுதிய பவுல் வசதியான ஓர் இடத்திலிருந்து, சுகமாக வாழ்ந்தவர்களுக்கு எழுதவில்லை. கி.பி. 50-ஐ ஒட்டிய வருடங்களில் தெசலோனிக்கே பட்டணத்துச் சபைக்குப் போன கடிதம் அது. அந்தச் சபை உருவான கதையை அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம். பவுல் அங்கே பிரசங்கிக்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே ஊரில் கலகம் மூண்டது. ஒரு கூட்டம் யாசோன் என்பவருடைய வீட்டை வளைத்துக்கொண்டது. பவுல் அகப்படாததால் யாசோனையும் சில சகோதரரையும் அதிகாரிகளிடம் இழுத்துக்கொண்டு போய், ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். அன்று இரவே பவுலும் அவரோடு ஊழியம் செய்த சீலாவும் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

விசுவாசத்தில் பால்குடி மாறாத அந்த ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள். சொந்த ஊர்க்காரர்களாலேயே பாடுபட்டார்கள். கடிதம் வருவதற்குள் அவர்களில் சிலர் இறந்தும் போயிருந்தார்கள். அதனால்தான் 4-ஆம் அதிகாரத்தில் நித்திரையடைந்தவர்களைப் பற்றி பவுல் அவ்வளவு பரிவோடு பேசுகிறார். துக்கப்படவே கூடாது என்று அவர் அங்கே சொல்லவில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறார். ஸ்தோத்திரத்தைப் பற்றிய வசனத்துக்குச் சற்று முன்னால், "திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள்" என்றும் எழுதியிருக்கிறார். நன்றி சொல்லுங்கள் என்கிற கட்டளையும், நன்றி சொல்லத் திடனில்லாதவரைத் தாங்கிப் பிடியுங்கள் என்கிற கட்டளையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால் பவுல் சொன்னதில் பாதிதான் கையில் இருக்கும்.

கெட்டதை நல்லது என்று சொல்ல வேண்டியதில்லை

முதலில் தெளிவாக வேண்டிய விஷயம் இதுதான். நோயின் நடுவில் தேவனுக்கு நன்றி சொல்வது வேறு. "எனக்கு நோய் வந்ததே நல்லதுதான்" என்று சொல்வது வேறு. வேதம் தீமையை மழுப்புவதில்லை. மரணத்தைக் "கடைசிச் சத்துரு" என்றே அழைக்கிறது (1 கொரிந்தியர் 15:26). சத்துருவை நண்பன் என்று சொல்லும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை.

"எபேசியர் 5:20 எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரிக்கச் சொல்கிறதே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதே பகுதியில் நான்கு வசனம் மேலே போனால், "நாட்கள் பொல்லாதவைகளானதால் காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று இருக்கிறது. பொல்லாத நாளைப் பொல்லாத நாள் என்று சொல்லிவிட்டுத்தான் பவுல் நன்றிக்கு வருகிறார். ஆகவே அந்த வசனத்தை வைத்து, அநியாயத்துக்கும் வன்முறைக்கும்கூட நன்றி சொல்ல வேண்டும் என்று ஒருவரைக் கட்டாயப்படுத்துவது சரியல்ல என்பது என் எண்ணம்.

யோசேப்பின் கதையைப் பாருங்கள். சகோதரர் அவரைக் குழியில் போட்டார்கள், விற்றார்கள். செய்யாத குற்றத்துக்காக எகிப்தில் சிறையில் கிடந்தார். பல வருடங்கள் கழித்து அதே சகோதரரிடம், "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்கிறார் (ஆதியாகமம் 50:20-இன் சுருக்கம்). இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. தேவன் நன்மையாக முடித்த பிறகும் அவர்கள் செய்ததற்கு யோசேப்பு வைத்த பெயர் தீமைதான். அப்புறம், அந்த வார்த்தையைச் சொன்னது யோசேப்பே; அதுவும் எல்லாம் நடந்து முடிந்து, திரும்பிப் பார்க்க முடிந்த பிறகு. குழியின் ஓரத்தில் நின்று வேறொருவர் அவரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அதே வார்த்தை கொடுமையாக இருந்திருக்கும்.

முறையிடுவதும் ஜெபம்தான்

சங்கீத புஸ்தகத்தில் 150 பாடல்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடு, புலம்பல், அழுகை. தேவனுடைய ஜனங்கள் ஆராதனையில் பாடும்படி வைத்திருந்த புஸ்தகத்திலேயே இவ்வளவு கண்ணீர் இருக்கிறது. நன்றி சொல்லப் பழக நினைக்கிறவர்கள் இங்கிருந்து தொடங்குவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். துக்கத்தை அமுக்கி வைத்துவிட்டு மேலே நன்றியைப் பூசினால் அது ஒட்டுவதில்லை.

13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பிக்கிறது. எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறார். தேவன் தன்னை மறந்துவிட்டார் என்று தேவனிடமே சொல்கிறார். அடுத்து, என் கண்களைத் தெளிவாக்கும் என்று கேட்கிறார். கடைசி வசனத்தில், "கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன்" என்று முடிக்கிறார். நடுவில் சூழ்நிலை மாறியதாக ஒரு குறிப்பும் இல்லை. சத்துரு இன்னும் இருக்கிறான். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிய பிறகு, பழைய நன்மைகள் தாவீதின் நினைவுக்கு வந்திருக்கின்றன.

எல்லா ஜெபமும் இப்படித் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 88-ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பம் இல்லவே இல்லை. நண்பர்கள் விலகிப்போன இருளோடேயே அது முடிந்துவிடுகிறது. ஒரு நன்றி வார்த்தைகூட இல்லாத அந்த ஜெபத்தை வேதத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. ஆனால் அதன் முதல் வரியில் அந்த மனிதர், "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிடுகிறார். நன்றி வராத நாளிலும் கூப்பிட ஒருவர் இருக்கிறார். உங்கள் ஜெபம் இன்றைக்கு அந்த அளவோடு நின்றுவிட்டால் அதுவும் ஜெபம்தான்.

இயேசு நன்றி சொன்ன இரண்டு இடங்கள்

லாசருவின் கல்லறை முதலாவது (யோவான் 11). லாசரு வியாதியாயிருக்கிறான் என்று ஆள் அனுப்பியும் இயேசு உடனே வரவில்லை. அவர் வந்தபோது அடக்கம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மார்த்தாள் எதிரே வந்து, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்றாள். சற்று நேரத்தில் மரியாளும் அவர் பாதத்தில் விழுந்து அதையே சொன்னாள். இரண்டு சகோதரிகளும் அந்த நான்கு நாளும் வீட்டுக்குள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. அதில் மனத்தாங்கல் இருக்கிறது, குற்றச்சாட்டும் இருக்கிறது. இயேசு அவர்களை அதட்டவில்லை. "நன்றியில்லாமல் பேசாதே" என்று சொல்லவில்லை. கண்ணீர் விட்டார்.

அப்புறம் கல்லை எடுக்கச் சொன்னார். நாறுமே என்று மார்த்தாள் தடுத்தாள். கல்லை எடுத்த பிறகு இயேசு கண்களை ஏறெடுத்து, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றார். லாசரு அப்போது இன்னும் உள்ளேதான் இருந்தான். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருக்குமோ என்னவோ, ஸ்தோத்திரம் வந்துவிட்டது. சாவுக்காக அவர் நன்றி சொல்லவில்லை. பிதா தமக்குச் செவிகொடுக்கிறவர் என்பதற்காகச் சொன்னார். கஷ்டத்தில் நன்றி சொல்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியாது. அழுகைக்குக் காரணம் சாவு. நன்றிக்குக் காரணம் பிதா. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே மனிதருக்குள் இருக்க முடிகிறது.

இரண்டாவது இடம் கடைசி இராப்போஜனம். "கர்த்தராகிய இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம்பண்ணி, அதைப் பிட்டு" என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 11). திருவிருந்து ஆராதனையில் இந்த வரியைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் அந்த ராத்திரி எப்படிப்பட்ட ராத்திரி என்பதை நாம் மறந்துவிடுகிறோம். காட்டிக்கொடுக்கப் போகிறவன் பந்தியில் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் விடிவதற்குள் ஓடிப்போவார்கள் என்பதும் இயேசுவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் கையில் இருந்தது அப்பம். அந்த அப்பத்துக்காக நன்றி சொன்னார். போஜனம் முடிந்து அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனதாக மத்தேயு எழுதுகிறார். அங்கே போனதும் அவர் சீஷர்களிடம், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார். இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, என்னைவிட்டு நீங்கட்டும் என்று பிதாவிடம் கெஞ்சினார். நன்றி, பாட்டு, துக்கம், கெஞ்சல் எல்லாமே ஒரே ராத்திரியில். காலையில் நன்றி சொல்லிவிட்டு மாலையில் அழுதால் காலையில் சொன்னது பொய்யாகிவிடுமோ என்று கவலைப்படுகிறவர்கள் இந்த ராத்திரியை நினைத்துக்கொள்ளலாம்.

துதித்தால் கதவு திறந்துவிடுமா?

பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடிய சம்பவம் (அப்போஸ்தலர் 16) அடிக்கடி பிரசங்கிக்கப்படுவது. அவர்களை அடித்து, உட்காவலறையில் போட்டு, கால்களைத் தொழுமரத்தில் மாட்டியிருந்தார்கள். அவர்கள் ஜெபம்பண்ணி, தேவனைத் துதித்துப் பாடினார்கள். பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன, கட்டுகள் கழன்றன.

இதிலிருந்து, "நீங்களும் துதியுங்கள், உங்கள் கதவும் திறக்கும்" என்று ஒரு சூத்திரம் செய்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கவலை உண்டு. கதவு திறக்காதபோது அந்த விசுவாசி தன் துதியில்தான் ஏதோ குறை என்று நினைத்து உடைந்துபோகிறார். நான்கு அதிகாரம் முன்னால் போனால், ஏரோது யாக்கோபைப் பட்டயத்தினால் கொலை செய்கிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். இருவரும் அப்போஸ்தலர். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ராஜா நிறுத்திய சிலையை வணங்க மறுத்த சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்று, எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் நாங்கள் உங்கள் தேவர்களை ஆராதிப்பதில்லை என்றார்கள். நன்றி பேரம் அல்ல. பதிலுக்கு ஒன்று கிடைக்கும் என்பதற்காகச் சொல்லும் நன்றி, கிடைக்காத நாளில் நின்றுவிடும்.

பிலிப்பி சம்பவத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. விடிந்ததும் அதிகாரிகள் இவர்களை விட்டுவிடும்படி சேவகரை அனுப்பினார்கள். பவுல் போக மறுத்துவிட்டார். "நாங்கள் ரோமர்; எங்களை நியாயம் விசாரியாமல் வெளியரங்கமாக அடித்துச் சிறையில் போட்டார்கள், இப்போது ரகசியமாய் அனுப்பிவிடப் பார்க்கிறார்களா? அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும்" என்கிற விதமாகப் பேசினார். இவர்கள் ரோமக் குடியுரிமை உள்ளவர்கள் என்று தெரிந்ததும் அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து வேண்டிக்கொண்டார்கள். ராத்திரி பாடிய அதே மனிதர் காலையில் நியாயம் கேட்கிறார். நன்றியுள்ள விசுவாசி என்றால் எதையும் வாய் திறக்காமல் தாங்கிக்கொள்கிறவர் என்று நினைப்பவர்கள் அந்தக் காலைப்பொழுதையும் வாசிக்க வேண்டும். வீட்டில் அடிபடுகிற ஒருவரிடம், "பொறுத்துக்கொள், கர்த்தருக்கு நன்றி சொல்" என்பது வேதத்தின் ஆலோசனை அல்ல. அவருக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும்.

நினைவில்தான் நன்றி தொடங்குகிறது

"என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறது 103-ஆம் சங்கீதம். தாவீது தன் ஆத்துமாவுக்கே கட்டளை கொடுக்கிறார். அது தானாக ஸ்தோத்திரிக்கவில்லை போலிருக்கிறது, சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கஷ்டம் வரும்போது நினைவு சுருங்கிவிடும். இன்றைய வலிதான் முழு வாழ்க்கையும் என்று தோன்றும். அதனால்தான் தேவன் தம்முடைய ஜனங்களுக்கு நினைவுக்கான ஏற்பாடுகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார். யோர்தானைக் கடந்தபோது ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்து வந்து கில்காலில் நாட்டினார்கள், பிள்ளைகள் பின்னால் கேட்டால் சொல்வதற்காக. 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன.

எருசலேம் இடிந்து கிடந்தபோது எழுதப்பட்ட புலம்பல் புஸ்தகம் ஐந்து அதிகாரமும் அழுகை. அதன் நடு அதிகாரத்தில், "இதை என் மனதிலே வைத்து, நம்பிக்கைகொண்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான், தேவனுடைய இரக்கங்களைப் பற்றி, "அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்று வருகிறது. அதற்குப் பிறகும் அழுகை தொடர்கிறது, புஸ்தகம் சந்தோஷமாக முடியவில்லை. ஆனாலும் நடுவில் அந்த நினைவு இருக்கிறது.

நன்றி உணர்வு மனதுக்கு நல்லது என்று உளவியலாளர்களும் சொல்கிறார்கள். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர்பெற்றது. நன்றிக்குரியவற்றை எழுதி வந்தவர்கள், தொல்லைகளை எழுதி வந்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் கிறிஸ்தவருக்கு நன்றி என்பது மனதைச் சரிசெய்யும் பயிற்சியோடு நின்றுவிடுவதில்லை. அது ஒருவரிடம் சொல்லப்படுவது. மனம் லேசாகாத நாளிலும் அவரிடம் சொல்லலாம்.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

சின்னதாகவும் குறிப்பாகவும் ஆரம்பியுங்கள். "எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று மொத்தமாகச் சொல்வது எளிது, மனதில் எதுவும் அசையாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் இப்படி ஜெபிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"ஆண்டவரே, பயமாக இருக்கிறது. டாக்டர் சொன்னதில் பாதிதான் புரிந்தது. ஏன் இப்படி நடக்கிறது என்று தெரியவில்லை, கோபமாகவும் வருகிறது. தங்கச்சி வந்து கூட உட்கார்ந்திருக்கிறாள், அதற்கு ஸ்தோத்திரம். அந்த நர்ஸ் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது அவர் பெயரைச் சொல்லிப் பேசினார்களே, அதற்கு ஸ்தோத்திரம். நீர் கூட இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறீர். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனாலும் நீர் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். விடியும்வரைக்கும் பெலன் தாரும். ஆமென்."

இந்த ஜெபத்தில் பயம் முதலில் வருகிறது. கோபத்தை மறைக்கவில்லை. நோய்க்கு நன்றி சொல்லவில்லை. நன்றி சொன்ன இரண்டும் அந்த ராத்திரி கண்ணால் பார்த்தவை. மூன்றாவது, உணர்வில் இல்லாமல் வாக்குத்தத்தத்தில் மட்டும் நிற்கிறது. கடைசியில் ஒரு விண்ணப்பம். "உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினதும் இதைத்தான். அந்தக் கடிதத்தை எழுதியபோது அவர் காவலில் கட்டப்பட்டவராக இருந்தார். நன்றி சொல்லிவிட்டால் கேட்கக் கூடாது என்பதில்லை. இரண்டும் கூடவே போகும்.

இதற்கென்று தனி நேரம் தேட வேண்டியதில்லை, ஏற்கனவே உள்ள ஒரு பழக்கத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன் செய்யும் ஜெபம் நல்ல இடம். அவசரத்தில் முணுமுணுத்துவிட்டுப் போகிற அந்த ஜெபத்துக்கு நாம் கொடுப்பதைவிட அதிக மதிப்பு உண்டு. ஜெர்மனியின் ஐலன்பர்க் நகரத்தில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற லுத்தரன் போதகர் இருந்தார். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் அந்த ஊர் அகதிகளால் நிரம்பி வழிந்தது. 1637-இல் கொள்ளைநோய் வந்தபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை அவர் அடக்கம் செய்ததாகச் சொல்லப்படுகிறது. அவருடைய மனைவியும் அந்த வருடத்தில் இறந்துபோனார். உலகமெங்கும் இன்றும் பாடப்படும் ஒரு நன்றிப் பாடலை எழுதியவர் அவர்தான். பிள்ளைகள் உணவு மேசையில் பாடுவதற்காக அவர் அதை எழுதியதாகச் சொல்வார்கள். பந்தியில் சொல்லிப் பழகிய வார்த்தைகள் கொள்ளைநோய் ஆண்டிலும் அந்த வீட்டில் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது, சாப்பாட்டு ஜெபத்தை அலட்சியமாகச் சொல்ல மனம் வருவதில்லை.

படுக்கப் போகும்முன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது இன்னொரு பழைய வழி. 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய கத்தோலிக்கக் குரு லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனையில் முதல் படியே பெற்ற நன்மைகளுக்காக நன்றி சொல்வதுதான். பாவங்களைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான் வரும். கத்தோலிக்கரானாலும் மற்ற சபையினரானாலும் இதைச் செய்யலாம். காலையில் கண்விழித்ததிலிருந்து ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, எங்கே ஒரு உதவி வந்தது, யார் நல்லபடியாகப் பேசினார்கள், எந்த நேரம் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது என்று பாருங்கள். ஒன்று கிடைத்தால் போதும். சொல்லிவிட்டுத் தூங்குங்கள். எழுதி வைக்கிற பழக்கம் இருந்தால் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். ஆனால் தினமும் பத்து எழுத வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் மூன்றாம் நாளே அது வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

சொந்த வார்த்தை வராதபோது கடன் வாங்கலாம். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், தெரிந்த ஒரு கீர்த்தனையைப் பாடுங்கள். நான் உணராததைச் சொன்னால் மாய்மாலம் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லாத ஒன்றை இருப்பதாக மற்றவருக்குக் காட்டுவதுதான் மாய்மாலம். தேவனிடம், "எனக்கு வரவில்லை, தாவீதின் வார்த்தையில் சொல்கிறேன், கேளும்" என்று சொல்லிவிட்டு வாசிப்பதில் ஒளிவுமறைவே இல்லை.

மனிதர்களுக்கும் நன்றி சொல்லுங்கள். கஷ்ட காலத்தில் தேவனுடைய உதவி பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கை வழியாகத்தான் வரும். சாப்பாடு கொண்டுவந்தவர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்தவர், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்று யாராக இருந்தாலும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தேவனுக்கு நன்றி சொல்ல வாய் வராத நாளில்கூட இது முடியும், பலருக்கு அதுவே வாசலாகிவிடும்.

மற்றவர்களுடைய கஷ்டத்தில்

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டுப்போனது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று சொன்னது யோபுதான், நண்பர்கள் அல்ல. அதைச் சொன்னவரே இரண்டு அதிகாரம் தாண்டி, தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். கடைசியில் தேவன், யோபு தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசியதாகவும் நண்பர்கள் அப்படிப் பேசவில்லை என்றும் தீர்ப்புச் சொல்கிறார். ஆகவே துக்கத்தில் இருக்கிறவரிடம் நன்றி சொல்லும்படி புத்தி சொல்லாதீர்கள். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்பதுதான் அந்த நேரத்துக்கான கட்டளை. அவருக்காக நீங்கள் தனியாக நன்றி சொல்லி ஜெபிக்கலாம், அது வேறு.

வாரக்கணக்கில் எதிலும் ஆர்வமில்லாமல், தூக்கமில்லாமல், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால், "நான் நன்றியில்லாதவன்" என்று உங்களை நீங்களே குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். அது மன அழுத்த நோயாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள், நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது, தேவன் முதலில் அனுப்பியது பிரசங்கத்தை அல்ல. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் படுத்துக்கொள்ள விட்டார்.

கஷ்டம் தீர்ந்த பிறகு என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தது ஒருவன்தான், அவனும் யூதர்கள் அந்நியனாக நினைத்த சமாரியன் (லூக்கா 17). மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று அங்கே சொல்லவில்லை. அவர்களுக்கு வீடு இருந்தது, குடும்பம் காத்திருந்தது, எத்தனையோ நாள் கழித்துத் தொட்டுப் பேச ஆட்கள் இருந்தார்கள். நமக்கும் அப்படித்தான் மறந்துபோகும். உங்களுக்காக ஜெபித்தவர்களின் பெயர்களை இப்போதே ஒரு தாளில் எழுதி வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். ரிப்போர்ட் நல்லபடியாக வந்த அன்று, அல்லது வேலை கிடைத்த அன்று, அந்தத் தாளை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் பண்ணிச் சொல்லுங்கள்.